வெள்ளை வேட்டியில் மடிப்பு தெரிகிறதா?

பூப்பந்து நம் பந்திங் ஊரின் சொந்த ஆட்டம். சிடேக் சகோதரர்கள் ஐவரையும் நாட்டுக்குத் தந்த கஞ்சோங் டாராட் கம்பம் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. 1992 மே மாதம் கோலாலம்பூர் ஸ்டேடியம் நெகாராவில் இந்தோனேசியாவை 3-2 என்று வென்று, 25 ஆண்டுகளுக்குப் பிறகு தாமஸ் கிண்ணத்தை மலேசியா மீட்டது. அதே ஆண்டு பார்சிலோனாவில் ரசிப்–ஜலானி இணை வெண்கலம் வாங்கியது. அதுதான் மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். அந்த ஆட்டங்களைப் பழைய பெட்டி டிவியில் பார்த்தவர்கள் இன்று 55 அங்குலத் தட்டைத் திரையின் முன் உட்கார்ந்து கேட்கிறார்கள்: திரை இவ்வளவு பெரிதாகியும், ஸ்மாஷ் அடித்ததும் பந்து எங்கே மாயமாகிறது?

கண்ணில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். பந்தின் வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 இறகுகளும் ஐந்து கிராம் அளவு எடையும் கொண்ட அந்தப் பந்து, மட்டையை விட்டுக் கிளம்பும் நொடியில் உலகின் எந்த ஆட்டப் பந்தையும் மிஞ்சும் வேகத்தில் போகிறது. 2023 ஏப்ரலில் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தார். கின்னஸ் அதைப் பதிவு செய்திருக்கிறது. அந்த வேகம் அடுத்த கணமே காற்றில் கரைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் 360 கிலோமீட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டால்கூட நொடிக்கு 100 மீட்டர் ஆகிறது. நம் தொலைக்காட்சி முறை நொடிக்கு 50 தடவை படத்தை மாற்றுகிறது. அப்படியானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பந்து இரண்டு மீட்டர் தாவியிருக்கும். ஆடுகளத்தின் மொத்த நீளமே 13.4 மீட்டர்தான்.

இந்த இடைவெளி பழைய டிவியிலும் இருந்தது. ஆனால் அதில் படம் தோன்றிய விதம் வேறு. எலெக்ட்ரான் கற்றை திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுப் போகும்; அந்தப் புள்ளி பளிச்சென்று ஒரு கணம் ஒளிர்ந்து அணைந்துவிடும். இன்றைய எல்சிடி திரையும் ஓஎல்இடி திரையும் ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கின்றன. பந்தைத் துரத்தும் நம் கண்ணோ நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகரும் கண்ணில் நகராத படம் விழுந்தால் விழித்திரையில் அது இழுபடும். திரையைப் புகைப்படம் எடுத்துப் பார்த்தால் பந்து இவ்வளவு மங்கலாக இருக்காது. மங்கலில் பெரும்பகுதி உண்டாவது நம் கண்ணுக்குள்ளேதான்.

இதைச் சரிசெய்யத்தான் தயாரிப்பாளர்கள் ஒரு வசதியைக் கண்டுபிடித்தார்கள். சாம்சங் அதை ஆட்டோ மோஷன் பிளஸ் என்றது, எல்ஜி ட்ரூமோஷன் என்கிறது, சோனி மோஷன்ஃப்ளோ என்கிறது. வேலை ஒன்றுதான். வந்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, எது எங்கே நகர்ந்தது என்று ஊகித்து, இடையில் இருந்திருக்கக்கூடிய படத்தை டிவி தானே வரைந்து செருகுகிறது. ஓடும் வீரரின் கால்களை அதனால் ஓரளவு ஊகிக்க முடியும். இரண்டு மீட்டர் தாவிய வெள்ளைப் புள்ளியை ஊகிக்க முடியாது. அது தேடும் எல்லைக்கு வெளியே பந்து போய்விடுகிறது. விளைவு, பந்து இரண்டாகத் தெரியும், பாதி அழியும், அல்லது பச்சைத் தரை விரிப்பில் கரைந்தே போகும். பந்து மாயமானதாக நாம் பதறும் தருணங்களில் பல, டிவி நமக்கு உதவப் போய் நேர்ந்தவை. அந்த வசதியை அணைத்துவிட்டு ஒரு செட் பாருங்கள்.

திரைப்படத்துக்கு அந்த வசதி செய்யும் கெடுதல் இன்னும் பெரிது. பேசும் படம் வந்த காலத்திலிருந்து சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்களில் ஓடுகிறது. அந்த லேசான தடுமாற்றமே சினிமாவுக்கு சினிமாத் தன்மையைக் கொடுக்கிறது. இடையில் பொய்ப் படங்களைச் செருகினால், கோடி கோடியாய்ச் செலவழித்து எடுத்த காட்சியும் ஸ்டூடியோ செட்டில் எடுத்த சீரியல்போல் வழுக்கிக்கொண்டு ஓடும். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும், தயவுசெய்து வீட்டு டிவியில் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டு ஒரு காணொளியே வெளியிட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் யுஎச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற அமைப்பை அறிவித்தது. ஒரே பொத்தானில் இந்தச் செருகல் வேலைகள் எல்லாம் நின்றுவிடும்.

அப்படியானால் டிவி ஏன் இதையெல்லாம் முடுக்கிவிட்ட நிலையிலேயே வீட்டுக்கு வருகிறது? கடையை நினைத்துப் பாருங்கள். கிள்ளானிலோ பந்திங் டவுனிலோ எந்த மின்சாரப் பொருள் கடைக்குப் போனாலும் சுவர் முழுக்க டிவிகள் வரிசையாக ஓடும். மேலே வெள்ளை விளக்குகள் கண்ணைக் கூசச் செய்யும். அந்த வரிசையில் நம் பார்வை முதலில் போவது அதிகப் பிரகாசமும் அதிக நீலமும் உள்ள திரைக்குத்தான். சந்தையில் உரக்கக் கூவுகிறவர் பக்கம் தலை திரும்புவதுபோல்தான் இதுவும். 'விவிட்', 'டைனமிக்' என்ற பெயரில் இருக்கும் அமைப்பு அந்தச் சுவருக்காக உருவானது. இரவு எட்டு மணிக்கு நாலு பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலுக்காக அல்ல. அந்த அமைப்பில் பின்விளக்கு முழுவீச்சில் எரிவதால் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகிறது.

அடுத்தது வெண்மை. திரையில் எது வெள்ளை என்பதற்கு உலகம் முழுக்க ஒரே ஒப்பந்தம் இருக்கிறது. டி65 என்பார்கள், 6,500 கெல்வினை ஒட்டிய நிற வெப்பம், நடுப்பகல் வானத்தின் சராசரி வெளிச்சம். டிவிக்காகப் படத்தின் நிறம் சரிசெய்கிறவர் சென்னையில் உட்கார்ந்திருந்தாலும் ஹாலிவுட்டில் உட்கார்ந்திருந்தாலும் அவர் முன்னால் உள்ள திரை இந்த வெள்ளையில்தான் இருக்கும். கடை அமைப்போ 9,000, 10,000 கெல்வின் என்று நீலத்துக்குப் போய்விடுகிறது. நீலம் கலந்த வெள்ளை நமக்குத் 'தூய்மையாக' தெரிகிறது. வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டு வெளுத்தவர்கள் நாம், நமக்கு இது புதிதில்லை.

மெனுவில் 'வார்ம்' என்று இருப்பதுதான் பெரும்பாலும் டி65-க்கு நெருக்கமானது. சாம்சங்கில் 'வார்ம் 2', சோனியில் 'எக்ஸ்பர்ட் 1'. மாற்றியவுடன் வீட்டில் ஒரு கூச்சல் கிளம்பும், படம் மஞ்சளாகிவிட்டது என்று. பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஓர் அற்புதமான குணம் உண்டு. எந்த வெளிச்சத்தில் நிற்கிறோமோ அதையே வெள்ளையாக எடுத்துக்கொண்டு மற்ற நிறங்களை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். அதனால்தான் வெயிலில் படித்த பத்திரிகைத் தாள் விளக்கடியிலும் வெள்ளையாகவே இருக்கிறது. இந்தத் திருத்தத்தின் பெரும்பகுதி ஓரிரு நிமிடத்திலேயே நடந்துவிடும். பழக்கம் மாறத்தான் சில நாட்கள் பிடிக்கும். அதற்குப் பிறகு பழைய அமைப்புக்குத் திரும்பிப் பார்த்தால் எல்லார் முகமும் நீலம் பாரித்திருப்பது தெரியும். இதில் மலேசிய வீடுகளுக்குத் தற்செயலாக ஒரு நன்மையும் உண்டு. நாம் 'டேலைட்' என்று கேட்டு வாங்கி மாட்டும் விளக்குகளும் 6,500 கெல்வின்தான். மஞ்சள் விளக்கு எரியும் ஐரோப்பிய வீட்டைவிட நம் ஹால் திரையின் வெள்ளையோடு எளிதில் ஒத்துப்போகிறது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த செய்தி தோலைப் பற்றியது. நிறம் சரிசெய்கிறவர்கள் 'வெக்டர்ஸ்கோப்' என்ற கருவியை வைத்திருப்பார்கள். படத்திலுள்ள நிறங்களை ஒரு வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டும் கருவி அது. வட்டத்தின் மையத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தை ஒட்டி ஒரு கோடு போகும். மனிதர்களின் தோல் நிறம் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழுகிறது. நார்வேக்காரர், சீனர், மலாய்க்காரர், கருகருவென்று இருக்கும் நம் தாத்தா, எல்லாருமே அங்கேதான். தோலுக்கு நிறம் தருவது மெலனினும் தோலுக்கடியில் ஓடும் இரத்தமும். ஆளுக்கு ஆள் அவற்றின் அளவு மாறலாம், திசை பெரிதாக மாறுவதில்லை. வெளிச்சம் கூடலாம் குறையலாம், அடர்த்தி கூடலாம் குறையலாம், நிறத்தின் சாயல் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. இவ்வளவு பேதம் பேசிய மனித குலம் ஒரு கருவியின் முன் இப்படி ஒரே வரிசையில் வந்து நிற்பதை முதலில் அறிந்தபோது சிலிர்த்துப் போனேன்.

ஆனால் படக்கருவிகளின் வரலாறு இந்த உண்மையை மதித்து நடக்கவில்லை. கோடாக் நிறுவனம் புகைப்படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் நெடுங்காலம் வெள்ளைத் தோல் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி. கறுத்த முகங்கள் அந்தப் பிலிமில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும்படி விழுந்தன. பல இனத்தவரும் அந்த அட்டையில் இடம்பெற 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய டிவி கடை அமைப்பில் இருக்கும்போது அதே அநியாயம் வேறு வடிவில் நம் வீட்டுக்குள் நடக்கிறது. நீலம் ஏறிய வெள்ளை, மாநிறத் தோலைச் சாம்பல் பூத்ததுபோல் ஆக்குகிறது. 'கலர்' அளவை ஏற்றினால் அதே முகம் செங்கல் நிறத்துக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் தேனும் செம்பும் மரப்பட்டையும் கலந்த ஆயிரம் பழுப்புகள் இருக்கின்றன. நம் நடிகர்களின் முகத்தை ஒளிப்பதிவாளர் படம்பிடித்தது அந்தப் பழுப்புகளில்தான். ஆகவே உங்கள் டிவியின் நிறத்தைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு தமிழ்ப் படத்தின் முகத்தை நிறுத்தி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகத்தைப் பாருங்கள். திரையில் இருப்பவரும் இந்த மண்ணின் மனிதராகத் தெரிந்தால் நிறம் சரி.

நிறத்தைவிடக் கடினமானது இருட்டு. பழைய பெட்டி டிவியில் மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் இரண்டு மடங்காகாது. ஐந்து மடங்குக்கு மேல் எகிறும். அந்த எலெக்ட்ரான் துப்பாக்கியின் இயற்பியல் அப்படி. மனிதக் கண்ணோ இதற்கு நேர்மாறு. இருட்டில் சின்ன மாற்றத்தையும் கண்டுபிடித்துவிடும், வெளிச்சத்தில் பெரிய மாற்றத்தைக்கூட லேசாகவே உணரும். கண்ணாடிக் குழாய்க்கும் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தும் ஒன்றின் வளைவை மற்றதன் வளைவு ஏறக்குறைய நேராக்கிவிடுகிறது. அதனால் கிடைத்த சில நூறு படிநிலைகளைக் கொண்டே கண்ணுக்குச் சீரான ஒளி ஏற்ற இறக்கத்தைக் கொடுக்க முடிந்தது. குழாய் போய்விட்டது, அதன் வளைவு மட்டும் 'காமா' என்ற பெயரில் இன்றும் ஒவ்வொரு டிவிக்குள்ளும் கணக்காக வாழ்கிறது. வெளிச்சமான அறைக்கு 2.2, விளக்கணைத்த அறைக்கு 2.4 என்று வைக்கச் சொல்வார்கள். சுற்றிலும் இருட்டாக இருந்தால் நம் கண்ணுக்குப் படத்தின் ஒளி-நிழல் வேறுபாடு குறைந்ததாகத் தெரியும். அதை ஈடுகட்டத்தான் இந்தக் கூடுதல்.

'நாயகன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-க்கான தேசிய ஒளிப்பதிவு விருது பி.சி. ஸ்ரீராமுக்கு அந்தப் படத்துக்காகத்தான் கிடைத்தது. மேலிருந்து விழும் சொற்ப வெளிச்சத்தில் முகத்தின் பாதி நிழலுக்குள் இருக்கும். அந்த நிழலுக்குள்ளும் கன்னம் இருக்கிறது, காது இருக்கிறது, பின்னால் சுவர் இருக்கிறது. தவறான அமைப்பில் அது வெறும் கறுப்புத் திட்டாகிவிடும், அல்லது புகைபோல் வெளிறிவிடும். 2019 ஏப்ரலில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் இரவுப்போர்ப் பாகம் ஒளிபரப்பானபோது, ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் புலம்பினார்கள். பலருக்குத் தங்கள் டிவியைச் சரியாக அமைக்கத் தெரியவில்லை என்றார் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர். ஒளிபரப்பில் படத்தைச் சுருக்கி அனுப்பியதும் ஒரு காரணம் என்பதால் அவர் சொன்னது முழு உண்மை இல்லை. ஆனால் பாதிக்கு மேல் உண்மை.

இருட்டைச் சரிசெய்யும்போது ஒரு குழப்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்பது வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை. கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கிறது. மொத்த வெளிச்சத்துக்கு 'பேக்லைட்' என்றோ 'ஓஎல்இடி லைட்' என்றோ தனியாக இருக்கும். அறை வெளிச்சத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்க வேண்டியது அதைத்தான். 'பிரைட்னஸ்' பக்கம் போவதென்றால் கூந்தலைப் பாருங்கள். நாயகி திரும்பி நிற்கும் ஒரு காட்சியை நிறுத்துங்கள். கருங்கூந்தல் இழை இழையாகப் பிரிந்து தெரிய வேண்டும். அதே நேரம் படத்தின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகள் சாம்பலாக வெளிறக் கூடாது. பிறகு 'கான்ட்ராஸ்ட்'. அதற்கு வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டி. வேட்டியின் மடிப்புகளும் கரையருகே உள்ள நெசவும் தெரிய வேண்டும். தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே வெள்ளைத் தாளாகிவிட்டால் கான்ட்ராஸ்ட் அளவு மீறிவிட்டது. பிபிசி பொறியாளர்கள் 'பிளூஜ்' என்ற பெயரில் கறுப்புக்கோடுகள் கொண்ட சோதனைப் படம் ஒன்றை இதற்கென்றே உருவாக்கினார்கள். நமக்குக் கூந்தலும் வேட்டியும் போதும்.

இவ்வளவு செய்தும் படம் மொத்தமாக வெளிறியோ இருண்டோ இருந்தால், டிகோடர் பெட்டிக்கும் டிவிக்கும் மொழி ஒத்துப்போகவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். தொலைக்காட்சிக் கணக்கில் கறுப்பு 16-இல் தொடங்கி வெள்ளை 235-இல் முடியும். கணினிக் கணக்கில் 0 முதல் 255 வரை. இரண்டு பெட்டிகளையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

'ஷார்ப்னஸ்' பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. படத்தில் இல்லாத நுணுக்கத்தை எந்தப் பொத்தானாலும் கொண்டுவர முடியாது. அது செய்வதெல்லாம் விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு வரைவதுதான். பூப்பந்துக் களத்தின் வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். அதை ஒட்டி இன்னொரு மெல்லிய கோடு தெரிந்தால் அளவைக் குறையுங்கள். பெரும்பாலான டிவிகளில் பூஜ்யமோ அதற்கு அருகிலோ சரியான இடம். சோனியில் நடுவில் உள்ள 50.

வீட்டைப் பற்றியும் பேச வேண்டியதுதான். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் பந்திங்கில் சூரியன் மறைய ஆண்டு முழுக்க ஏழு மணியிலிருந்து ஏழரை ஆகிவிடுகிறது. மேற்கு பார்த்த தெரஸ் வீட்டில் சாயங்கால சீரியல் ஓடும் நேரத்தில் மோரிப் கடற்கரைப் பக்கத்து வெயில் கண்ணாடிக் கதவு வழியே நேராகத் திரையில் விழும். அந்த வெளிச்சத்தோடு எந்த டிவியும் போட்டி போட முடியாது. படத்தைச் சரிசெய்யும் மலிவான கருவி கனமான ஒரு திரைச்சீலைதான். பகலுக்கு ஓர் அமைப்பு, இரவுக்கு ஓர் அமைப்பு என்று இரண்டு வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. இரவில் டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி மங்கலான ஒரு டேலைட் விளக்கு எரிந்தால் கண் களைக்காது, கறுப்பும் ஆழமாகத் தெரியும்.

தூரத்தைப் பற்றி வாங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தால் நல்லது. நல்ல பார்வை உள்ளவர் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறிவார். 55 அங்குல ஃபுல் எச்டி திரையின் புள்ளிகள் 2.2 மீட்டருக்கு அப்பால் அவருக்குத் தனித்தனியாகத் தெரியாது. 4கே திரையின் முழு நுணுக்கமும் தெரிய வேண்டுமென்றால் 1.1 மீட்டரில் உட்கார வேண்டும். நம் ஹாலில் சோபா மூன்று மீட்டர் தள்ளிக் கிடக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது 4கே என்ற எழுத்தைவிட நிறமும் கறுப்பும் அசைவும் சரியாக இருப்பதுதான் கண்ணில் படும். அவற்றுக்குக் காசு எதுவும் தேவையில்லை.

இன்றிரவே செய்து பாருங்கள். படமுறையை 'மூவி', 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று மாற்றுங்கள். அசைவைச் செருகும் வசதியை அணையுங்கள். ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான டிவிகள் ஒவ்வோர் இணைப்புக்கும் அமைப்பைத் தனித்தனியாக நினைவில் வைக்கின்றன. ஆஸ்ட்ரோ டிகோடருக்குச் செய்தது நெட்ஃபிளிக்ஸுக்குத் தானாகப் போய்ச் சேராது; எச்டிஆர் படம் ஓடும்போது வேறொரு தனி அமைப்பு திறந்துகொள்ளும். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை மாற்ற வேண்டும்.